சின்ன அப்பத்தாவும் இத்தாலிக் கன்னியாஸ்திரிகளும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். நாம எல்லாரும் அதைத்தானே சொல்றோம். ஆனா இந்தத் தடவை நிஜமான காரணம் வேற. ஒரு வருஷமா ராத்திரி பத்து மணிக்கு மேல உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருந்தேன். ஜாவா, பைத்தான் எல்லாம் இல்லைங்க. உயிரியல். அதுலயும் பத்தாவதுல வாத்தியார் "இதை வீட்டுல படிச்சுக்கோங்கடா"ன்னு சொல்லி நாலே செகண்ட்ல தாண்டிப்போன அந்த ஒரு பாடம். இனப்பெருக்கம்.

ஏன் படிச்சேன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். நடுவுல கூச்சப்படற மாதிரி சில வார்த்தைகள் வரும். எழுதற எனக்கே கூச்சமாத்தான் இருக்கு, அதனால சமம்.

புதுசா வர்றவங்களுக்கு: எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர். வேலூர்ல இருந்து பிரிச்சு 2019-ல தனி மாவட்டம் ஆக்கினாங்களே, அது இல்லை. இது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். 1801-ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்ட ஊர். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, காரைக்குடின்னு எல்லாம் ஒரு எட்டு. படிச்சது ஈசிஇ, சென்னையில பொட்டி தட்டறது சாஃப்ட்வேர். கல்யாணமாகி நாலு வருஷம். குழந்தை இல்லை.

கடைசி ரெண்டு வார்த்தையை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிருக்கு.

*

முதல்ல ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க ஐயாவுக்கு, அதாவது அப்பாவோட அப்பாவுக்கு, ஒரு அண்ணன். எங்களுக்கு பெரிய ஐயா. ஆறடி உயரம், முறுக்கு மீசை, ஊர்ல பஞ்சாயத்துன்னா அவர் வராம ஆரம்பிக்காது. அவருக்கு ரெண்டு சம்சாரம். பெரிய அப்பத்தாவைக் கட்டி ஏழெட்டு வருஷம் பிள்ளை இல்லை. செட்டிநாட்டுல நகரத்தார் வீடுகள்ல பிள்ளை இல்லைன்னா இன்னொரு வீட்டுப் பையனை முறைப்படி பிள்ளை கூட்டிக்கிற வழக்கம் உண்டு. எங்க வீடுகள்ல அது கிடையாது. எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் இன்னொரு கல்யாணம். பெரிய அப்பத்தாவோட சொந்தத் தங்கச்சியையே ரெண்டாந்தாரமாக் கட்டி வச்சாங்க. அவங்கதான் சின்ன அப்பத்தா.

அவங்களுக்கும் பிள்ளை இல்லை.

இந்த இடத்துல ஒரு இஞ்சினியர் என்ன பண்ணுவான்? ஒரே புரோகிராமை ரெண்டு மெஷின்ல ஓட்டியும் அதே எரர் வந்தா, மெஷினை விட்டுட்டு புரோகிராமைப் பார்ப்பான். எங்க ஊர்ல பார்க்கலை. "அக்கா தங்கச்சி ரெண்டும் மலடி, அந்த வம்சமே அப்படி"ன்னு முடிச்சுட்டாங்க. பெரிய ஐயாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. கேட்கணும்னு யாருக்கும் தோணவும் இல்லை. அந்த மீசையைப் பார்த்தா எப்படித் தோணும்?

வீட்டுல வளைகாப்பு, காதுகுத்துன்னா ரெண்டு அப்பத்தாவும் அடுப்படியை விட்டு வெளிய வர மாட்டாங்க. யாரும் வராதீங்கன்னு சொன்னதில்லை. அவங்களே வர மாட்டாங்க. சின்ன வயசுல எனக்கு அது புரியாது. அடுப்படிக்குப் போனா மொதப் பணியாரம் எனக்குத்தான், அது மட்டும் தெரியும். பெரிய ஐயாவும் பெரிய அப்பத்தாவும் போய்ச் சேர்ந்துட்டாங்க. சின்ன அப்பத்தா இருக்காங்க. எண்பது தாண்டியாச்சு, கண்ணு மட்டும் கொஞ்சம் மங்கல்.

*

நம்ம கதைக்கு வர்றேன். கல்யாணமான முதல் வருஷம் நாங்களே வேண்டாம்னு இருந்தோம். ரெண்டாவது வருஷத்துல இருந்து ஊருக்குப் போனா பஸ் ஸ்டாண்டுல இறங்கி வீடு சேர்றதுக்குள்ள மூணு பேர் கேட்பாங்க. "என்ன, விசேஷம் ஒண்ணும் இல்லையா?" கேள்வி தங்கமணியைப் பார்த்துத்தான் வரும். நான் பக்கத்துலயே பையைத் தூக்கிட்டு நிப்பேன். என்னை "வேலை எல்லாம் எப்படிப்பா போகுது"ன்னு கேட்பாங்க.

தங்கமணி ஆஸ்பத்திரிக்கு அலைய ஆரம்பிச்சா. முதல்ல காரைக்குடி, அப்புறம் மதுரை, அப்புறம் சென்னை. மாதவிலக்கான ரெண்டாம் நாள் ரத்தம். தைராய்டுக்கு ஒண்ணு, புரொலாக்டினுக்கு ஒண்ணு. சினைப்பையில முட்டை வளருதான்னு ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். கடைசியா, கருக்குழாய் அடைச்சிருக்கான்னு பார்க்க கர்ப்பப்பைக்குள்ள மருந்து செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. அது வலிக்கும். எவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியாது, நான் வெளிய உட்கார்ந்திருந்தேன்.

எல்லாமே நார்மல்.

முதல் நாளே டாக்டரம்மா எனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாங்க. விந்தணுப் பரிசோதனை. ஒரு டப்பா, ஒரு மணி நேரம், சில நூறு ரூபாய். ஊசி கூட இல்லை. நான் அதை மடிச்சு பர்ஸ்ல வச்சேன். அடுத்த வாரம், ரிலீஸ் முடியட்டும், பொங்கல் கழியட்டும்... அந்தச் சீட்டு பதினோரு மாசம் என் பர்ஸ்ல இருந்தது. ஏடிஎம் கார்டை எடுக்கிறப்பல்லாம் தட்டுப்படும். ஓரமா தள்ளிக்குவேன்.

அந்தப் பதினோரு மாசத்துக்கு நடுவுல ஒரு மாசி மகம் வந்தது. எங்க ஊர்ல இருந்து சிவகங்கை ரோட்டுல கொஞ்ச தூரம் போனா திருக்கோஷ்டியூர். மாசி மகத் தெப்பத்துக்கு குளக்கரை முழுக்க அகல் விளக்கா இருக்கும். வேண்டுதல் இருக்கிறவங்க அங்க எரியற விளக்குல ஒண்ணை எடுத்துட்டு வந்து வீட்டுல வச்சுக் கும்பிடணும். நினைச்சது நடந்தா அடுத்த மகத்துக்கு வந்து விளக்கேத்தணும். பிள்ளை வரம் கேட்டு வர்றவங்கதான் அதிகம். அம்மா தங்கமணியைக் கூட்டிட்டுப் போனாங்க. அவ்வளவு கூட்டத்துல முந்தானையால காத்தை மறைச்சுக்கிட்டு ஒரு விளக்கை எடுத்துட்டு அவ படியேறி வந்தது இன்னும் கண்ணுல நிக்குது. நான் மேல நின்னு மொபைல்ல போட்டோ எடுத்தேன். பர்ஸ் பின் பாக்கெட்டுல இருந்தது. சீட்டு பர்ஸுக்குள்ள இருந்தது.

*

இன்னொரு விஷயம் சொல்லணும். அதுதான் இந்தப் பதிவுலயே கஷ்டமான பத்தி.

கல்யாணச் சாப்பாட்டுல வந்த தொப்பையைக் கரைக்க ஒரு ஜிம்ல சேர்ந்தேன். ஆறு மாசம் ஒழுங்காத்தான் போனேன். அப்புறம் டிரெய்னர் தனியாக் கூப்பிட்டு, "சார், இவ்ளோ ஒர்க்அவுட் பண்றீங்க, ரிசல்ட் வரலையே, வாரம் ஒரு ஊசி போட்டா போதும்"னார். என்ன ஊசின்னு கேட்டேன். "நம்ம உடம்புல இருக்கிறதேதான் சார், டெஸ்டோஸ்டிரோன். ஆம்பளை ஹார்மோன். எக்ஸ்ட்ராவா இருந்தா நல்லதுதானே?"

ஆம்பளை ஹார்மோன் எக்ஸ்ட்ரா. கேட்கவே நல்லா இருந்தது. அதுவும் "விசேஷம் இல்லையா"ன்னு ஊரே கேட்டுக்கிட்டு இருக்கிற நேரத்துல. தங்கமணிகிட்ட சொல்லலை. பத்து மாசம் போட்டுக்கிட்டேன். தோள் விரிஞ்சது, சட்டை டைட் ஆச்சு. ஆபீஸ்ல டேமேஜரே கூப்பிட்டு எந்த ஜிம்முன்னு கேட்டார்.

கடைசியில டாக்டரம்மா "அவர் ரிப்போர்ட் இல்லாம இனிமே நான் மேல ஒண்ணும் பண்ண மாட்டேன்"னு கோவிச்சுக்கிட்ட அப்புறம்தான் டெஸ்ட் கொடுத்தேன். உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கையேட்டுப்படி ஒரு மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு இருந்தா அதை நார்மலோட கீழ் எல்லைன்னு சொல்லலாம். எனக்கு எவ்வளவுன்னா, பூஜ்யம். கம்மி இல்லைங்க. பூஜ்யம். லேப் தப்பு பண்ணிருக்கும்னு இன்னொரு இடத்துலயும் பார்த்தோம். அங்கயும் பூஜ்யம்.

ரத்தப் பரிசோதனையில டெஸ்டோஸ்டிரோன் எக்கச்சக்கம். எஃப்எஸ்ஹெச், எல்ஹெச்னு ரெண்டு ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. டாக்டரம்மா பேப்பரைப் பார்த்தாங்க, என் கையைப் பார்த்தாங்க. "ஜிம்ல ஏதாவது ஊசி போட்டுக்கறீங்களா?"

தங்கமணி என்னைத் திரும்பிப் பார்த்தா. நான் ஆமாம்னு சொன்னேன்.

வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஒண்ணும் பேசலை. கதவைத் திறந்து செருப்பைக் கழட்டறப்ப மட்டும் சொன்னா: "அந்த எக்ஸ்ரே எடுத்த அன்னைக்கு நான் டேபிளைப் பிடிச்சுக்கிட்டு அழுதேங்க. வெளிய வந்து பார்த்தா நீங்க கிரிக்கெட் பார்த்துட்டு இருந்தீங்க."

அன்னைக்கு ராத்திரிதான் படிக்க ஆரம்பிச்சேன்.

*

காலேஜ்ல கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்னு ஒரு பேப்பர். அரியர் வச்சு ரெண்டாவது அட்டெம்ப்டுல தாண்டினேன். அன்னைக்கு மண்டையில ஏறாதது இப்ப என் உடம்பை வச்சுப் புரிஞ்சது. விதி!

மொட்டை மாடித் தண்ணித் தொட்டியை நினைச்சுக்கோங்க. தண்ணி குறைஞ்சா மோட்டார் தானா ஓடும், நிறைஞ்சா தானா நிக்கும். நம்ம ஹார்மோன் ஏற்பாடும் இதேதான். மூளைக்குள்ள ஹைபோதாலமஸ்னு ஒரு இடம். அது ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஜிஎன்ஆர்ஹெச்ங்கிற ஹார்மோனைச் சொட்டுச் சொட்டா விடும். சர்வர் உயிரோட இருக்கான்னு நாம பிங் பண்ணிப் பார்ப்போமே, அந்த மாதிரி. அதையே விடாம தொடர்ச்சியாக் கொடுத்தா எதிர்ப்பக்கம் காது கேட்காத மாதிரி ஆயிடும், விட்டு விட்டு வந்தாத்தான் வேலை நடக்கும். இந்த ஹார்மோனோட அமைப்பைக் கண்டுபிடிச்ச ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்மின் ரெண்டு பேருக்கும் 1977-ல நோபல் பரிசுல பங்கு கிடைச்சது.

அந்தச் சொட்டு கீழ இருக்கிற பிட்யூட்டரியைத் தட்டும். பிட்யூட்டரிதான் மோட்டார். அதுல இருந்து எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் ரெண்டும் கிளம்பும். பெண்ணுக்கு எஃப்எஸ்ஹெச் முட்டை இருக்கிற பையை வளர்க்கும். வளர்ற பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏறினா மோட்டார் வேகம் குறையும். இதுவரைக்கும் தொட்டிக் கதைதான். ஆனா ஒரு ஆச்சரியம் இருக்கு. முட்டை நல்லா முத்தி, ஈஸ்ட்ரோஜன் ஒரு உயரத்துக்கு மேல சுமார் ரெண்டு நாள் நின்னுட்டா, சுவிட்ச் அப்படியே தலைகீழா மாறிடும். நிறுத்திக்கிட்டு இருந்த அதே ஈஸ்ட்ரோஜன் இப்ப "ஓடு ஓடு"ன்னு விரட்டும். எல்ஹெச் குபுக்னு பொங்கும். அது பொங்க ஆரம்பிச்சு ஒண்ணரை நாள்ல முட்டை வெளிய வரும். ஒரே சிக்னல், ரெண்டு அர்த்தம், மாசாமாசம் தப்பாம. நான் எழுதின எந்தக் கோடும் இவ்வளவு அழகா ஓடினதில்லை.

தைராய்டு குறைஞ்சாலோ, புரொலாக்டின் ஏறினாலோ, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனையில இன்சுலினும் ஆண் ஹார்மோனும் கூடினாலோ, இந்தத் தாளம் தப்பும். அதான் தங்கமணிக்கு அத்தனை டெஸ்ட். அதே ஹார்மோன்கள்தான் எலும்புக்கும், சர்க்கரைக்கும், தூக்கத்துக்கும், மனசுக்கும் கணக்குச் சொல்லுது. மாதவிலக்கு தள்ளிப்போறது வெறும் பிள்ளை சமாச்சாரம் இல்லை, உடம்போட ரிப்போர்ட் கார்டு.

ஆணுக்கும் இதே ரெண்டு ஹார்மோன்தான். எஃப்எஸ்ஹெச்சோட பேர்லயே முட்டைப்பை இருக்கு, ஆனா அது இல்லாம நமக்கும் விந்தணு ஒழுங்கா உருவாகாது. எல்ஹெச் விதைக்குள்ள டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கும். ரத்தத்துல இருக்கிறதை விட விதைக்குள்ள அது பல மடங்கு அதிகமா இருக்கணும். அப்பத்தான் விந்தணு முழுசா வளரும். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாசம் ஆகும்.

இப்ப நான் பண்ணின காரியம். தொட்டியில லாரித் தண்ணியைக் கொண்டுவந்து கொட்டினேன். தொட்டி நிறைஞ்சு வழியுது. மூளை பார்த்தது. "அடடே, ஏகப்பட்டது இருக்கே"ன்னு மோட்டாரை நிறுத்திடுச்சு. ஆனா தோட்டத்துக்குத் தண்ணி போறதும் அதே மோட்டார்லதான். தொட்டி நிறைய நிறைய, தோட்டம் காய்ஞ்சது. வெளிய ஆம்பளைத்தனம் ஏற ஏற, உள்ள பூஜ்யம்.

இது புதுசா கண்டுபிடிச்ச ரகசியமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஏழு நாடுகள்ல 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுப் பார்த்து, 1990-ல முடிவை வெளியிட்டாங்க. 157 பேருக்கு விந்தணு பூஜ்யமாச்சு. எதுக்குப் போட்டுப் பார்த்தாங்க தெரியுமா? ஆண்களுக்கான கருத்தடை ஊசியா இது உதவுமான்னு.

அதாவது, என் பெண்டாட்டி பிள்ளை வேணும்னு குளக்கரையில விளக்கெடுத்த வருஷம், நான் காசு கொடுத்து வாராவாரம் கருத்தடை ஊசி போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

*

ஊசியை நிறுத்தினோம். மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா அப்பவும் பூஜ்யம். நின்ன மோட்டாரைக் கிளப்ப வேற ஊசிகள் எழுதினாங்க. அதுல ஒண்ணு ஹெச்எம்ஜி. பிட்யூட்டரி தர வேண்டிய எஃப்எஸ்ஹெச்சை வெளிய இருந்து தர்ற மருந்து. நம்ம புத்தி சும்மா இருக்குமா, அட்டைப்பெட்டியில பொடி எழுத்தைப் படிச்சேன். மாதவிலக்கு நின்ன பெண்களோட சிறுநீர்ல இருந்து எடுத்ததுன்னு போட்டிருந்தது.

ஙே!

ஏன் அவங்க சிறுநீர்? தொட்டிக்கே வாங்க. மாதவிலக்கு நின்னா சினைப்பையில முட்டை இல்லை, ஈஸ்ட்ரோஜன் இல்லை. கிணறு வத்திப்போச்சு. தொட்டி நிறையாது, அதனால மோட்டாரும் நிக்காது. பிட்யூட்டரி பாட்டுக்கு எஃப்எஸ்ஹெச்சையும் எல்ஹெச்சையும் கொட்டிக்கிட்டே இருக்கும். உபயோகம் இல்லாம சிறுநீர்ல போகும். அந்த ஹார்மோனைப் பிரிச்செடுக்கிற வழியை இத்தாலியில செரோனோ கம்பெனியில இருந்த பியரோ டோனினி 1940-கள்ல கண்டுபிடிச்சார். புரூனோ லூனன்ஃபெல்ட்ங்கிற டாக்டர் அதை மருந்தாக்கணும்னு விடாப்பிடியா நின்னார். அவ்வளவு வயசான பெண்களோட சிறுநீருக்கு எங்க போறது? ஒரே இடத்துல நிறையப் பேர் இருக்கணும், அதுல கர்ப்பிணி ஒருத்தர் கூட இருக்கக் கூடாது, இருந்தா வேற ஹார்மோன் கலந்துடும். அப்படிப்பட்ட இடம் ஒண்ணு இருந்தது. வயசான கன்னியாஸ்திரிகள் தங்கியிருந்த இல்லங்கள்! கம்பெனி நிர்வாகத்துல இருந்த போப்பாண்டவரோட உறவினர் ஒருத்தர் ஏற்பாடு பண்ண, இத்தாலி முழுக்க அந்த இல்லங்கள்ல சேகரிச்சாங்க. அந்த மருந்தால முதல் குழந்தை 1962-ல இஸ்ரேல்ல பிறந்தது.

பிள்ளையே பெறாத பாட்டிகள் உலகத்துக்குப் பிள்ளை கொடுத்திருக்காங்க. நான் அந்த அட்டைப்பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்டு அடுப்படிதான் ஞாபகம் வந்தது.

இந்த ஹெச்எம்ஜியைத் துரத்திக்கிட்டே போனா நம்ம நாட்டுலயே ஒரு கதை இருக்கு. கல்கத்தாவுல சுபாஷ் முகோபாத்யாயன்னு ஒரு டாக்டர். எடின்பரோவுல ஹார்மோன் ஆராய்ச்சியில பட்டம் வாங்கினவர். உலகத்தோட முதல் டெஸ்ட்டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்துல பிறந்தது 1978 ஜூலை 25. சரியா எழுபது நாள் கழிச்சு, அக்டோபர் 3-ம் தேதி, கல்கத்தாவுல துர்கா பிறந்தா. இங்கிலாந்துக்காரங்க இயற்கையா வர்ற ஒரே ஒரு முட்டைக்குக் காத்திருந்தாங்க. இவர் ஹெச்எம்ஜி ஊசி போட்டு நிறைய முட்டையை வளர்த்து எடுத்தார். கருவை உறைய வச்சு, 53 நாள் கழிச்சு வேற ஒரு மாசச் சுழற்சியில கர்ப்பப்பையில வச்சார். இன்னைக்கு ஐவிஎஃப் சென்டர்கள்ல சர்வ சாதாரணமா நடக்கிறது இதுதான்.

அன்னைக்கு யாரும் நம்பலை. மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது. அதுல இந்தத் துறை தெரிஞ்சவங்க இல்லை. எல்லாம் பொய்னு ஒதுக்கினாங்க. ஜப்பான்ல போய்ப் பேச அழைப்பு வந்தப்ப அனுமதி தரலை. கடைசியில ஹார்மோன் மனுஷனைக் கண் ஆஸ்பத்திரிக்கு மாத்தினாங்க. 1981 ஜூன் 19-ம் தேதி அவர் தன் உயிரை முடிச்சுக்கிட்டார். ஐம்பது வயசு. தபன் சின்ஹா எடுத்த 'ஏக் டாக்டர் கி மௌத்' படம் இவர் வாழ்க்கையைத் தழுவினதுதான்.

அவர் பேரை மீட்டவர் யார்ங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. 1986 ஆகஸ்ட் 6-ம் தேதி பம்பாயில பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவோட முதல் டெஸ்ட்டியூப் குழந்தைன்னு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோட சேர்ந்து அதைச் சாதிச்சவர் டி. சி. ஆனந்தகுமார். பெருமை முழுக்க அவர் கையில இருந்தது. 1997-ல சுபாஷோட கைக்குறிப்புகள் அவர்கிட்ட வந்தது. உட்கார்ந்து படிச்சார். படிச்சுட்டு, முதல் ஆள் நான் இல்லை, சுபாஷ்தான்னு 'கரண்ட் சயின்ஸ்' இதழ்ல தானே எழுதினார்.

வாயை மூடிட்டு இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அதைப் படிச்ச அன்னைக்குத்தான் ஊருக்குப் போய்ச் சொல்லணும்னு முடிவு பண்ணேன்.

*

இந்த வருஷம் மாசிக்கு ஊருக்குப் போனோம். அம்மா மறுபடியும் திருக்கோஷ்டியூர் பேச்சை எடுத்தாங்க. அத்தை ஒருத்தங்களும் இருந்தாங்க. "இவளுக்கு அந்த மதுரை டாக்டரையே இன்னொரு தடவை..."ன்னு அம்மா ஆரம்பிச்சப்ப நான் சொன்னேன். "அம்மா, அவளுக்கு ஒண்ணும் இல்லை. குறை என்கிட்டதான். நான் போட்டுக்கிட்ட ஊசியால வந்தது. அவளை இனிமே யாரும் ஒண்ணும் கேட்காதீங்க."

அம்மா முகம் மாறிடுச்சு. அத்தை "இதெல்லாம் ஏம்ப்பா சத்தமா..."ன்னு வாசலைப் பார்த்தாங்க. தங்கமணி தட்டைக் கழுவப் போற மாதிரி உள்ள போயிட்டா.

திண்ணையில படுத்திருந்த சின்ன அப்பத்தா எழுந்து உட்கார்ந்தாங்க. "அப்பு, இங்கிட்டு வா. ஆம்பளைக்கும் குறை இருக்கும்னு டாக்டரு சொன்னாகளா?"

"ஆமா அப்பத்தா. ஏறக்குறைய பாதி வீட்டுல ஆம்பளை பக்கமும் காரணம் இருக்காம்."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எங்க ரெண்டு பேருக்கும் இலுப்பக்குடிக்கு, அழகர்கோயிலுக்கு, ராமேசுரத்துக்குன்னு போகாத ஊரு இல்லை. பச்சிலை அரைச்சு அரைச்சுக் குடுத்தாக. எங்கக்கா வயித்தெரிச்சல்ல துடிப்பா. அவுகளை ஒரு நா ஒருத்தரு கேக்கலையே அப்பு"ன்னாங்க. பெரிய ஐயாவுக்குத்தான் குறைன்னு எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியப்போறதில்லை. சோதிச்சுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

பேச்சை மாத்தறதுக்காக கன்னியாஸ்திரிக் கதையைச் சொன்னேன். கல்யாணமே பண்ணிக்காத பாட்டிகளோட மூத்திரத்துல இருந்து எடுத்த மருந்தைத்தான் நான் போட்டுக்கறேன்னேன். அப்பத்தாவுக்குச் சிரிப்பு தாங்கலை. பொக்கை வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. "மூத்திரத்துலயா? அடப் பாவிகளா! எங்க ரெண்டு பேருட்டயும் கேட்டிருந்தா குடங்குடமாக் குடுத்திருப்போமேடா!"

சிரிச்சுக்கிட்டே முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. சிரிப்புல வந்த தண்ணியான்னு நான் கேட்கலை. உள்ள இருந்து தங்கமணியும் சிரிக்கிற சத்தம் வந்தது. ரொம்ப நாள் கழிச்சு.

அந்த மகத்துக்கு நான்தான் விளக்கெடுத்தேன். தங்கமணி மேல நின்னு போட்டோ எடுத்தா. சின்ன அப்பத்தாவையும் கார்ல கூட்டிட்டுப் போயிருந்தோம். திரும்பறப்ப கோயில் பக்கம் பார்த்துட்டுச் சொன்னாங்க, "இந்த ஊருலதானே அப்பு, ராமானுசரு ரகசியத்தை ஊரைக் கூட்டிச் சொன்னாரு." ஆமா. பதினெட்டுத் தடவை நடந்து வந்து கத்துக்கிட்ட மந்திரத்தை, சொன்னா நரகம்னு குரு சொல்லியும், கோபுரத்துல ஏறி எல்லாருக்கும் சொன்னதா வரலாறு. நம்ம ரகசியம் மந்திரம் இல்லை. கோபுரமும் நமக்கு இல்லை, பிளாக்தான் இருக்கு :)

நிலவரம்: ஏழாவது மாசம் மில்லிலிட்டருக்கு 20 லட்சம். பத்தாவது மாசம் 1 கோடியே 10 லட்சம். எல்லைக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு. மோட்டார் ஓடற சத்தம் கேட்குது. தோட்டம் பூக்குமா தெரியாது. பூக்கலைன்னாலும் அடுத்த காதுகுத்துல சின்ன அப்பத்தா முன்வரிசையில உட்காருவாங்க. அதை அம்மாகிட்ட சொல்லியாச்சு.

உங்க பர்ஸ்லயும் அப்படி ஒரு சீட்டு இருந்தா, நாளைக்குக் காலையில கொடுத்துட்டு வந்துடுங்க மக்கா.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, அரியர் வச்ச ஈசிஇ. எனக்கு எழுதின ஊசி எனக்கு மட்டும். இதைப் பார்த்து யாரும் தானா எதையும் போட்டுக்கவோ நிறுத்தவோ வேண்டாம், டாக்டரைப் பாருங்க. முக்கியமா, ஜிம்ல ஓரமாக் கூப்பிட்டு யாராவது "எக்ஸ்ட்ரா" தர்றேன்னா, ஓடிடுங்க. அதுவும் நல்ல ஒர்க்அவுட்தான்.